சீப்பைக் கண்டாலே உர்ருங்கிற நாய்: அமுக்கிப் பிடிச்சா அடங்குமா?

19 ஆகஸ்ட் 2023, மடிப்பாக்கத்திலேர்ந்து வந்த கேள்வி

எங்க வீட்ல ஷிட்ஸூ, ஆண், ரெண்டரை வயசு. குட்டியில சீவ விட்டான். இப்போ டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடறான். இவர் அமுக்கிப் பிடிச்சுக்குவார், நான் சீவுவேன். இப்படித்தான் ஓடிட்டிருந்தது. நேத்து இவர் கையைக் கடிச்சு ரத்தம் வந்துடுச்சு. மாமியார் மொட்டை அடிச்சு விட்டுடுங்கறாங்க. க்ரூமிங் கடையில மயக்க மருந்து குடுத்துக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு அண்ணன், நல்லா அமுக்கிப் பிடிச்சா ஒரு நாள் அடங்கிடும்கிறார். அடங்குமா?

19 ஆகஸ்ட், ராத்திரி

அடங்காது. ஒரு நாள் அசையாம கிடப்பான், நீங்க அடங்கிட்டான்னு நினைச்சுக்குவீங்க. அது பயத்துல விறைச்சுப் போறது. அடுத்த கடி இன்னும் ஆழமா விழும்.

அதை விடுங்க, அவர் கை எப்படி இருக்கு? சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவினாரா? கழுவாட்டி இப்பவே கழுவச் சொல்லுங்க, காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போங்க. வீட்டு நாய், வருஷா வருஷம் ஊசி போட்ட நாய், எதுவா இருந்தாலும் சரி. ரேபீஸ் விஷயத்துல "நம்ம நாய்தானே"ன்னு ஒண்ணு கிடையாது.

20 ஆகஸ்ட்

குட்டியில விட்டவன் இப்போ விடலைன்னா நடுவுல என்னமோ ஆகியிருக்கு. வலியான்னு பார்க்காம எதையும் பழக்க ஆரம்பிக்காதீங்க. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குத் தொங்கு காது நாய்களுக்குக் காதுக்குள்ள ஈஸ்ட்ங்கிற பூஞ்சை வந்துட்டே இருக்கும், புளிச்ச மாவு வாடை அடிக்கும். முடி சடை பிடிச்ச இடத்துல தோல் இழுபட்டுப் புண்ணாகியிருக்கலாம். பல், இடுப்பு மூட்டு, முதுகு, எது வேணா இருக்கலாம். கடிச்ச நாயோட காதை நீங்க தூக்கிப் பார்க்க வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும்.

எங்க பஞ்சு ஸ்பிட்ஸ். நீங்க எல்லாரும் "பாம்"னு கூப்பிடுற வெள்ளை நாய். வெளிநாடு போன ஒரு குடும்பத்துக்கிட்டேர்ந்து வளர்ந்த நாயா வந்தா. தலை, கழுத்து, முதுகு எங்க வேணா தொடலாம், பின்னந்தொடையில கை பட்டா மட்டும் திரும்பிக் கவ்வுவா. திமிருன்னு சொல்லாத ஆளே இல்ல. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில எக்ஸ்ரே எடுத்ததுல பழைய எலும்பு முறிவு ஒண்ணு, கோணலாச் சேர்ந்திருந்தது. அந்த வீட்ல யாருக்கும் அது தெரியவே இல்லையாம்.

20 ஆகஸ்ட், கொஞ்சம் கழிச்சு

இன்னொண்ணு. "திடீர்னு கடிச்சிடுச்சு"ன்னு சொல்றாங்களே, பெரும்பாலும் எந்த நாயும் திடீர்னு கடிக்காது. அதுக்கு முன்னாடி மனு மேல மனு போட்டிருக்கும், நாமதான் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டோம்.

முதல்ல மூஞ்சியைத் திருப்பிக்கும். சாப்பாடே இல்லாம நாக்கால மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். காது பின்னால ஒட்டும், ஒரு காலைத் தூக்கி வச்சுக்கும். தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் ஓரமா ஓட்டும், வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். அப்புறம் உடம்பு விறைக்கும், மூச்சு நிக்கும். அதுக்கப்புறம்தான் உர். அதுக்கும் மசியலைன்னாதான் பல்லு.

உர்ருன்னதுக்கு அடிச்சா என்ன ஆகும்? உர் நிக்கும், பயம் நிக்காது. அடுத்த தடவை உர்ரே இல்லாம நேராப் பல்லு வரும். உர்ருங்கிற நாய் உங்களுக்கு நல்லது பண்ணுது, எச்சரிக்கை குடுக்குது. கையை எடுங்க. "இடம் குடுத்தா தலை மேல ஏறும்"னு அண்ணன் சொல்வார். சொல்லட்டும், அவர் கை பத்திரமாத்தானே இருக்கு.

22 ஆகஸ்ட்

டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாச்சாம். ரெண்டு காதுலயும் ஈஸ்ட், அக்குள்ல சடைக்கு அடியில சிவந்த புண்ணு. அப்போ காது ஆறுற வரைக்கும் பிரஷால சீவவே சீவாதீங்க. கட்டிலுக்கு அடியில போனா போகட்டும், இழுக்காதீங்க.

அதுவரைக்கும் பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. உப்பு, மசாலா இல்லாம கோழி வேக வச்சு, சுண்டு விரல் நகம் அளவுக்குப் பிச்சு வச்சுக்குங்க. சைவ வீடுன்னா பனீர். நெத்திலிக் கருவாடு வாசனைக்கு எந்த நாயும் வரும், ஆனா உப்பு அதிகம், ஊற வச்சுப் பிழிஞ்சு எப்பவாவது குடுக்கலாம். வெங்காயம் பட்ட கறி, திராட்சை, சாக்லேட் கூடாது. பீநட் பட்டர் வாங்கினா சைலிடால் கலந்திருக்கான்னு டப்பாவைப் படிங்க. அது நாய்க்கு விஷம்.

பிரஷைத் தரையில, தூரமா, நாய் பார்க்கிற மாதிரி வைங்க. பார்த்தானா? கோழி விழணும். பார்த்துட்டே இருக்கிற வரைக்கும் விழுந்துட்டே இருக்கணும். பிரஷை எடுத்து மறைச்சதும் கோழியும் நிக்கணும். ஒரு நிமிஷம் போதும், அன்னிக்குக் கடை மூடியாச்சு. அவன் "இன்னும் இல்லையா?"ன்னு பார்க்கிறப்பவே நிறுத்தணும். நம்மாளுங்க நிறுத்தவே மாட்டாங்க, "நல்லாத்தானே இருக்கான், இன்னும் கொஞ்சம்"னு போயி அந்த இன்னும் கொஞ்சத்துலதான் உடைப்பாங்க.

அதை விட முக்கியம், எது முன்னாடி எது பின்னாடிங்கிறது. கை முதல்ல, கோழி அடுத்தது. நம்ம வீடுகள்ல எல்லாம் தலைகீழா நடக்குது: ஒருத்தர் பிஸ்கட்டை வாயில திணிச்சுட்டே இருப்பார், இன்னொருத்தர் அந்த நேரம் பார்த்து சீவுவார். நாய் என்ன கத்துக்கும்? பிஸ்கட் வந்தா பின்னாடியே ஆபத்து வரும்னு கத்துக்கும். கொஞ்ச நாள்ல பிஸ்கட்டைப் பார்த்தாலே ஓடும். அப்புறம் "எங்க நாய்க்குத் தீனி ஆசையே இல்லைங்க"ன்னு வந்து கேப்பாங்க.

தோள்ல கை, எடு, அப்புறம் கோழி. கை தொடுறப்போ மறு கை கோழி இருக்கிற பைக்குள்ள போகக் கூடாது. தொட்டு முடிச்சப்புறம்தான் போகணும். கேட்கச் சின்ன விஷயமா இருக்கும், எனக்கு இது கைவரவே ரொம்ப நாள் ஆச்சு. கை தானாப் பைக்குள்ள போயிடும்.

23 ஆகஸ்ட்

அம்பத்தூர் சார், "தின்னக் குடுத்து வேலை வாங்கறது லஞ்சம்"னு எழுதியிருக்கீங்க. லஞ்சம்னா அவன் ஏதாவது செய்யணுமே? இங்க அவன் ஒண்ணுமே செய்ய வேண்டாம். தொட்டப்புறம் உர்ருன்னாலும் கோழி உண்டு. உர்ருன்னா நான் அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம், அடுத்த தடவை இன்னும் லேசாத் தொடணும், அவ்வளவுதான். அவன் நடத்தையை நான் விலைக்கு வாங்கலை. கை வந்தா நல்லது வரும்னு அவன் வயித்துக்குத் தெரியணும், மூளைக்கு அப்புறம் தெரிஞ்சுக்கட்டும்.

வயிறுன்னு சும்மா சொல்லலை. இதைக் கண்டுபிடிச்ச ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மனசை ஆராய்ச்சி பண்ண வந்தவரே இல்ல. ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ல நோபல் வாங்கினவர். சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே நாய்க்கு எச்சில் ஊறுதேன்னு கவனிச்சதுலேர்ந்து கிளம்பினது இது.

27 ஆகஸ்ட்

இதுக்கெல்லாம் வாரக்கணக்கு ஆகும், அதுக்குள்ள சடை கட்டிடுமேன்னு கேட்டிருக்கீங்க. நியாயம். இங்க உங்க மாமியார் சொன்னது பாதி சரி. ஷிட்ஸூ முடி வளர்ந்துட்டே இருக்கிற ஜாதி, ஒரு தடவை குட்டையா வெட்டிவிட்டா உங்களுக்குப் பழக்க அவகாசம் கிடைக்கும். ஒட்டச் சிரைக்கச் சொல்லாதீங்க, தோலை மூடுற அளவுக்கு இருக்கட்டும். அக்குள் சடை தோலோட ஒட்டிட்டதால டாக்டரே மயக்கம் குடுத்து எடுக்கறதுதான் அவனுக்கும் நல்லது. முழிச்சுட்டு இருக்கிறப்போ அதைப் பிய்ச்சா நீங்க இதுவரைக்கும் போட்ட கோழி அத்தனையும் வீண்.

மயக்கம்னா ஆஸ்பத்திரியில, டாக்டர் கையால. இவன் சப்பை மூக்கு நாய், மூச்சு விஷயத்துல ரிஸ்க் அதிகம். வீட்ல அவில்ங்கிற அலர்ஜி மாத்திரை பாதி, தூக்க மாத்திரை கால்னு குடுத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. கூடவே கூடாது.

ஆனா இதைப் படிச்சுட்டு ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி வச்சிருக்கிறவங்க மெஷினைத் தூக்கிடாதீங்க. "சென்னை வெயிலுக்கு மொட்டைதான் நல்லது"ங்கிறது ரெண்டு அடுக்கு முடி நாய்க்குப் பொருந்தாது. மேல் முடி வெயிலைத் தடுக்கும். சிரைச்சா சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாத்தான் திரும்ப வரும். உதிர்ந்து நிக்கிற அடி முடியைச் சீவி எடுத்துட்டாலே காத்து உள்ள போகும்.

27 ஆகஸ்ட், சாயங்காலம்

எந்த பிரஷ்னு மூணு பேர் கேட்டாச்சு. வளைஞ்ச கம்பி குத்தின சதுர பிரஷ் இருக்கே, ஸ்லிக்கர், அதை முதல்ல உங்க முன்கை உள்பக்கம் இழுத்துப் பாருங்க. கோடு விழுந்தா அவனுக்கும் விழும். மலிவு பிரஷ் பாதிக்குக் கம்பி நுனி கூராத்தான் இருக்கு. அது கூட ஒரு ஸ்டீல் சீப்பு, ஒரு பக்கம் அகலப் பல், மறு பக்கம் நெருக்கப் பல். இது ரெண்டும் போதும். அடி முடி நாய்க்கு ரேக், அதாவது அடி முடியை வாரி எடுக்கிற சீப்பு, ஒண்ணு வேணும். கையுறை மாதிரி வர்ற ரப்பர் சமாச்சாரம் நீள முடிக்குச் சுத்த வேஸ்ட், குட்டை முடிக்கு அருமை.

மேலாப்புல சீவி மினுமினுன்னு ஆக்கிட்டு உள்ள கம்பளி மாதிரி விட்டுடறதுதான் எங்கயும் நடக்கறது. முடியை ஒரு கையால மேல தூக்கி, தோல் கோடா தெரியணும், அந்தக் கோட்டுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக் கீழ இறக்கிச் சீவணும். சீப்பு தடங்காமப் போனாதான் முடிஞ்சதுன்னு அர்த்தம். காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில, சடை கட்டற இடம் எல்லாம் இவைதான். எல்லா நாய்க்கும் கூச்சம் அதிகமா இருக்கிற இடமும் இவையேதான், அதனால கடைசியில போங்க.

சடையோட குளிப்பாட்டாதீங்க. தண்ணி பட்டா இறுகும். கத்திரிக்கோல் வேண்டவே வேண்டாம். சடைக்குள்ள தோலும் சுருண்டு வந்திருக்கும், அது தெரியாம வெட்டி நாலு தையல் போட்ட கதை எங்க தெருவுலயே உண்டு.

10 செப்டம்பர்

மடிப்பாக்கம் தங்கச்சி போட்ட வீடியோ பார்த்தேன். பிரஷைக் கண்டதும் உங்க கோழிக் கையைத் திரும்பிப் பார்க்கிறான் பாருங்க, அதுதான். அந்தப் பார்வை வந்தாதான் அடுத்த படி. இப்போ பிரஷை எடுத்து, கம்பிப் பக்கம் இல்ல, முதுகுப் பக்கத்தால தோளைத் தொடுங்க.

ஆகஸ்ட்ல தோள்லதான் தொடங்கணும்கிற மாதிரி எழுதியிருந்தேன். அது பஞ்சுவோட கணக்கு. உங்க பையன் மார்புல தொட்டா சொக்கிப் போறான்னு தெரியுது, அப்போ மார்புலேர்ந்தே போங்க. நேரம், இடம், அழுத்தம், மூணுல ஒண்ணை மட்டும் ஒரு சமயத்துல கூட்டுங்க. புது இடத்துக்குப் போனா பழைய லேசுக்கே திரும்பிடுங்க.

உச்சி வெயில்ல பண்ணாதீங்க. காலைல, ஃபேனுக்கு அடியில. மூச்சிறைச்சுட்டு இருக்கிற நாய்க்குப் பொறுமை எங்கேர்ந்து வரும்.

12 செப்டம்பர்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாய்க்குத்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு க்ரூமிங்கே தேவையில்லை"ன்னு தாம்பரம் பெரியவர். முடிக்குத் தேவையில்லை, ஒத்துக்கறேன். சிப்பிப்பாறைக்குத் தோல் மெல்லிசு, ஸ்லிக்கர் வச்சா கீறல் விழும், ஈரத் துணியால துடைச்சாலே பளபளப்பு வந்துடும். ஆனா நகம்? காது? விரல் இடுக்கு உண்ணி? அதுக்கெல்லாம் கை வைக்க விடணுமே. முடி இல்லாததால யாருமே தொட்டுப் பழக்காம விட்டு, ஊசி போடற அன்னிக்கு நாலு பேர் மேல விழுந்து பிடிக்கிற நாய் நிறைய பேர் வீட்ல நாட்டு நாய்தான்.

ராஜபாளையத்துல கூடுதலா ஒண்ணு. அந்த வெள்ளை நாய்கள்ல பிறவிச் செவிடு மத்த ஜாதியை விட அதிகம். தூங்கறப்போ பின்னாடிலேர்ந்து தொட்டா துள்ளித் திரும்பும், சிலது கடிச்சுடும். குட்டியிலேயே காது சோதிச்சுப் பாருங்க. செவிடுன்னா தரையைத் தட்டி அதிர்வு குடுத்து எழுப்பி, கையைக் காட்டிட்டுத்தான் தொடணும். தொட்டதும் கோழி.

12 செப்டம்பர், ராத்திரி

பெரியவர் பதில் போட்டிருக்கார்: தபால் தலையே வந்த நாய், அதைப் போய் செவிடுங்கிறியான்னு. 2005 ஜனவரியில வந்தது, ராம்பூர், முதோல், இமயமலை நாயோட சேர்த்து நாலு தலை. எனக்கும் பெருமைதான் ஐயா. சைதாப்பேட்டையில நம்ம ஊர் ஜாதிகளுக்குன்னு அரசாங்கம் வச்ச நாய் இனப்பெருக்கப் பிரிவையும் சேர்த்துக்குங்க. காது கேக்கலைன்னு சொல்றது பழி இல்லையே.

30 செப்டம்பர்

இப்போ நான் ரொம்ப நம்புற விஷயம். நாய்க்கு "நிறுத்து"ன்னு சொல்ல ஒரு வழி குடுக்கறது.

ஒரு துண்டை மடிச்சு ஸ்டூல் மேல போடுங்க. அவன் தாடையை அதுல வைக்கப் பழக்குங்க. மோந்தா கோழி, தாடை பட்டா கோழி, ரெண்டு மூச்சு இருந்தா கோழி. அது பழகினப்புறம், தாடை துண்டுல இருக்கிற வரைக்கும் மட்டும் பிரஷ் நகரும். தாடையைத் தூக்கினானா, கை அந்தரத்துல நிக்கணும். ஒரு இழுப்பு பாக்கி இருந்தாலும் சரி, பாதிச் சிக்குல இருந்தாலும் சரி. திரும்ப வச்சான்னா தொடரலாம், வைக்கலையா, சீப்பை உள்ள வைங்க.

சிராக் படேல்னு இங்கிலாந்துல ஒரு பயிற்சியாளர், இதையே வாளியை வச்சுப் பண்றார். தீனி போட்ட சின்ன வாளியைப் பார்த்துட்டு இருக்கிற வரைக்கும் வேலை நடக்கும், பார்வையை எடுத்தா நிக்கும். நான் டபராவை வச்சுப் பண்ணேன், பஞ்சு டபராவோட ஓடிட்டா. அதனால துண்டு.

இதை யாருக்குச் சொன்னாலும் முதல் கேள்வி, "அப்போ அவன் தாடையை வைக்கவே மாட்டானே?" நானும் அப்படித்தான் நினைச்சேன். நடந்தது நேர்மாறு. எப்ப வேணா நிறுத்தலாம்னு தெரிஞ்சப்புறம் பஞ்சு நிறுத்தறதையே குறைச்சுட்டா. பின்னந்தொடை மட்டும் இன்னிக்கும் பேச்சுவார்த்தைதான்.

15 அக்டோபர்

மழை தொடங்கப் போகுது, உண்ணி சீசன்னு யாரோ எழுதியிருக்கீங்க. நம்ம ஊர்ல உண்ணிக்கு சீசனே கிடையாது, வருஷம் பூரா உண்டு. இந்தப் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளயே குடித்தனம் பண்ணும். சுவர் விரிசல், கதவு இடுக்குல முட்டை போடும், சுவர்ல ஏறிப் போறதைப் பார்க்கலாம். நாயை மட்டும் பார்த்துட்டுச் சுவரை விட்டா திரும்பத் திரும்ப வரும்.

தாடை வைக்கப் பழகின நாய்க்கு இப்போ விரல் இடுக்கு, காது மடல், வால் அடி பழக்குங்க. உண்ணி கிடைச்சா மெல்லிசு இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா, நிதானமா இழுங்க. மண்ணெண்ணெய் தடவாதீங்க, ஊதுபத்தியால சுடாதீங்க, விரலால நசுக்காதீங்க. சாப்பாட்டை ஒதுக்கி, காய்ச்சல் அடிச்சு, ஈறு வெளுத்து, மூக்குல ரத்தம் வந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். அன்னிக்கே ரத்தம் பார்க்கணும்.

வீட்ல பூனையும் இருந்தா கேளுங்க: பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்து பூனை மேல பட்டா பூனை செத்தே போகலாம்.

10 நவம்பர்

ஞாயித்துக்கிழமை தீபாவளி. இப்பவே சரம் கேக்குது. அது முடியற வரைக்கும் பிரஷைத் தொடாதீங்க. வெடிக்கு நடுங்கி, விருந்தாளிக்குக் குரைச்சு, தூங்காம கிடக்கிறவன்கிட்ட போயி சீப்பை நீட்டினா, போன மாசம் தாங்கினதை இன்னிக்குத் தாங்க மாட்டான். பயம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். பழகினது மறந்துட்டான்னு பதறாதீங்க. சத்தம் அடங்கி ரெண்டு மூணு நாள் விட்டுத் தொடங்குங்க.

10 டிசம்பர்

மிக்ஜாம் புயலுக்கப்புறம் இன்னிக்குத்தான் மடிப்பாக்கத்திலேர்ந்து பேச்சு வந்தது. தரைத்தளத்துல முட்டிக்கு மேல தண்ணி, கரண்ட் இல்ல, போன் இல்ல, மாடி வீட்ல நாலு நாள். எல்லாரும் பத்திரம். நாயும்.

அவங்க எழுதினதுல முக்கியமான பகுதி: தெரியாத வீடு, மெழுகுவத்தி வெளிச்சம், நனைஞ்ச நாய். துண்டை மடிச்சுப் போட்டதும் தாடையை வச்சுட்டானாம். முதுகு, வயிறு, முன்னங்கால் துடைக்க விட்டான், பின்னங்காலுக்குப் போனதும் தாடையைத் தூக்கிட்டான். அவங்களும் விட்டுட்டாங்க.

சாதாரண நாள்ல நான் கை தட்டியிருப்பேன். வெள்ளத் தண்ணியில அப்படி விட முடியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணி, லெப்டோஸ்பைரோசிஸ் மனுஷனுக்கும் வரும், நாய்க்கும் வரும். ஊசி எப்போ போட்டதுன்னு பாருங்க. பின்னங்காலை நல்ல தண்ணி ஊத்திக் கழுவியே ஆகணும், புண்ணு இருக்கான்னு பார்க்கணும். சாப்பிடலைன்னா, வாந்தி எடுத்தா, கண்ணு மஞ்சளானா உடனே டாக்டர். நீங்களும் கை கழுவுங்க. துடைக்கிறப்போ தேய்க்காம ஒத்தி எடுங்க, தேய்ச்சா சடை கட்டும்.

11 டிசம்பர்

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு அம்பத்தூர் சார் பிடிச்சுட்டார். "நிறுத்துன்னு சொல்ல உரிமை குடுங்கன்னு செப்டம்பர்ல, கழுவியே ஆகணும்னு டிசம்பர்ல. எதும்மா உங்க கட்சி?"

நல்ல கேள்வி, ராத்திரி பூரா யோசிச்சேன். ரெண்டுமேதான், ஆனா ரெண்டையும் ஒரே துண்டுல பண்ணக் கூடாது. துண்டுல தாடை வச்சா நான் நிறுத்துவேன்னு வாக்கு குடுத்திருக்கேன். நிறுத்த முடியாத வேலைன்னா துண்டையே எடுக்கக் கூடாது. வேற இடம், பாத்ரூமோ வராண்டாவோ. முடிஞ்சா வேற ஆள். மூக்கணை (கடிக்காம இருக்க வாய்க்கு மாட்டற மூடி) போட்டு, பிடிச்சு, சீக்கிரமா முடிச்சு, அப்புறம் கைநிறையக் கோழி. அவனுக்குப் பிடிக்காது, உங்களையும் முறைப்பான், துண்டு மேல இருக்கிற நம்பிக்கை மட்டும் தப்பிச்சுடும். துண்டைப் போட்டு ஏமாத்தினீங்கன்னா அடுத்த தடவை துண்டைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியிலதான்.

மூக்கணைன்னதும் முகம் சுளிக்காதீங்க. கூடை மாதிரி இருக்கிறது வேணும், வாயைத் திறந்து மூச்சிறைக்கிற மாதிரி, கோழி உள்ள போற மாதிரி. வாயை இறுக்கிக் கட்டற துணி மூக்கணையில நாயால மூச்சிறைக்க முடியாது, நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஆபத்து. சப்பை மூக்குக்குன்னு தனி வடிவம் இருக்கு. அதையும் இதே மாதிரிதான் பழக்கணும்: உள்ள கோழி, அவனே மூக்கை விடணும்.

20 ஜனவரி 2024

நகம். இதுதான் கஷ்டம்னு எல்லாரும் சொல்றீங்க, ஆமா. வெட்டற வலி கூட இல்ல, விரலை இறுக்கிப் பிடிக்கிறதுதான் பல நாய்க்கு ஆகாது. வெட்டியை எடுக்காமலேயே விரல் பிடிக்கப் பழக்குங்க. அப்புறம் வெட்டி சத்தத்துக்குக் கோழி, பக்கத்துல ஒரு வேக வைக்காத நூடுல்ஸ் குச்சியை வெட்டிச் சத்தம் காட்டலாம். அப்புறம் ஒரே ஒரு நகத்தோட நுனி. அன்னிக்கு அவ்வளவுதான், மீதி நாளைக்கு. எல்லா நகத்தையும் ஒரே உட்கார்ல வெட்டணும்னு யார் சட்டம் போட்டது?

வெள்ளை நகத்துல ரத்தநாளம் ரோஸா தெரியும். கறுப்பு நகம்னா துளித்துளியா சீவிட்டு வெட்டு முகத்தைப் பாருங்க, நடுவுல கரும்புள்ளி தெரிய ஆரம்பிச்சா நிறுத்துங்க. ரத்தம் வந்துட்டா சோள மாவை அழுத்திப் பிடிங்க. முன்னங்காலுக்கு மேல உள்பக்கமா இருக்கிற கட்டைவிரல் நகம் தரையில தேயாது, அதை மறந்தா சுருண்டு சதைக்குள்ள குத்தும்.

ஆஸ்பத்திரியில ஸ்டீல் மேஜை வழுக்கும், பாதி நாய்க்கு டாக்டரை விட அதுதான் பயம். பழைய யோகா பாயை வெட்டி எடுத்துட்டுப் போயி விரிங்க. வீட்லயும் அதே பாய் மேல பழக்கியிருந்தீங்கன்னா இன்னும் நல்லது.

4 பிப்ரவரி

மடிப்பாக்கம் மாமியார் இப்போ தானே சீவறாங்களாம், மத்தவங்க தொட்டா அவனுக்குப் பிடிக்கலையாம். கோழி அவங்க கையில அதிகமா விழுதுன்னு தோணுது. நீங்களும் அவரும் மாத்தி மாத்திப் பண்ணுங்க, இல்லைன்னா ஒரே ஆளுக்குத்தான் விடுவான். அவங்க ஊருக்குப் போனா மாட்டிக்குவீங்க.

18 பிப்ரவரி

பூனைக்கும் இது சரிப்படுமான்னு போரூர் தம்பி. சரிப்படும், இன்னும் சின்னச் சின்னதா. பூனையோட மனு வேற: வால் நுனி மட்டும் அடிச்சுக்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பக்கவாட்டுல திரும்பும். அதோட கையை எடுத்துடுங்க, உர்ருக்கெல்லாம் காத்திருக்காது. நாய் உண்ணி மருந்து பத்தி அக்டோபர்ல எழுதினதைப் படிச்சுடுங்க. மீதிக்குத் தனி இழை தொடங்குங்க தம்பி, இதுல ஏற்கெனவே தபால் தலை வரைக்கும் போயாச்சு.